கைகால் சில்லிடும்போது: உடம்பு மிக முடியாத குழந்தைகளின் ரத்த ஓட்டம்

காய்ச்சலில் குழந்தையின் உடம்பு கொதித்தால் வீடே பதறுகிறது. அதே குழந்தையின் விரல்களும் உள்ளங்காலும் சில்லென்று ஆனதும் பல வீடுகளில் நிம்மதி வந்துவிடுகிறது: “அப்பாடா, காய்ச்சல் விட்டுடுச்சு.” கம்பம் பள்ளத்தாக்கில் குழந்தைகள் வார்டில் செவிலியராக வேலை பார்க்கும் எனக்கு, கொதிக்கும் நெற்றியைவிட இந்தச் சில்லிட்ட காலைப் பார்த்தால்தான் அதிகம் பயம். குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கூடலூர், சின்னமனூர் பக்கமிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால் எவ்வளவோ நல்லது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். 3 கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் சுமார் 250 மில்லிதான். கிட்டத்தட்ட ஒரு டம்ளர். அதனால்தான் பெரியவர் தாங்கிக்கொள்ளும் வயிற்றுப்போக்கு ஒரு கைக்குழந்தையைச் சில மணி நேரத்தில் சாய்த்துவிடுகிறது. ரத்தக் குழாய்களும் அப்படித்தான், மிகச் சிறியவை. குறுகிய குழாயில் ஓட்டம் எப்படிக் குறையும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். மறுபக்கம் பார்த்தால், குழாய் ஐந்தில் ஒரு பங்கு விரிந்தாலே ஓட்டம் இரண்டு மடங்காகும். கொஞ்சம் சுருங்கினாலே விரல் வெளுத்துப்போவதற்கும், ஒரு களிம்பு அதைக் கொஞ்சம் தளர்த்தியதுமே நிறம் திரும்புவதற்கும் இந்தக் கணக்குதான் காரணம்.

சரி, உடம்பு முடியாதபோது கைகால் ஏன் முதலில் சில்லிடுகிறது? நம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்ல முல்லைப் பெரியாறு போதும். அணையில் தண்ணீர் குறைந்தால் குடிநீருக்குத்தான் முதல் உரிமை, அப்புறம் மேல்மடை, கடைமடை காயும். உடம்புக்கும் அதே முறைதான். ரத்தம் குறைந்தாலோ இதயம் சோர்ந்தாலோ, இருப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்ப, தோலுக்கும் கைகாலுக்கும் போகும் சிறு தமனிகளை உடம்பே இறுக்கி மூடுகிறது. தமனி என்றால் இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். ஆக, சில்லிட்ட கால் பெரும்பாலும் காலில் வந்த நோயே இல்லை. உள்ளே தட்டுப்பாடு தொடங்கிவிட்டது என்ற செய்தி அது. உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத இந்த நிலையைத்தான் டாக்டர்கள் ஷாக் என்கிறார்கள்.

இதில் குழந்தைகள் நம்மை ஏமாற்றிவிடுவார்கள். குழாய்களை இறுக்கிக்கொண்டும் இதயத்தை வேகமாக அடித்துக்கொண்டும் வெகுநேரம் பி.பி.யைச் சரியாகவே வைத்திருப்பார்கள். பி.பி. இறங்குவது கடைசிக் கட்டம். “பி.பி. நார்மல்னு சொன்னாங்களே” என்று ஆறுதல் அடைவதற்கு முன்னால் காலைத் தொட்டுப் பாருங்கள்.

தொட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. குழந்தையின் கையை நெஞ்சு மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி, விரல் நுனியை 5 விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடத்தில் 2 விநாடிக்குள் நிறம் திரும்பினால் நல்லது. 3 விநாடிக்கு மேல் ஆனால் சந்தேகப்பட வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு விரலைவிட நெஞ்செலும்பின் மேல் அழுத்திப் பார்ப்பதுதான் நம்பகமானது. மாநிறமும் கறுப்புமான நம் பிள்ளைகளுக்கு நகம், உள்ளங்கை, உள்ளங்கால், உதட்டின் உள்பக்கம் ஆகியவற்றில்தான் நிறம் தெரியும்.

மலைப்பக்கம் ஆடி மாதச் சாரலில் எந்தக் குழந்தையின் கால்தான் சில்லென்று இருக்காது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குளிரால் சில்லிட்ட கால், போர்த்திச் சூடு வந்ததும் சரியாகிவிடும். குழந்தை விளையாடும், பால் குடிக்கும், மூத்திரம் போகும். பிறந்த ஓரிரு நாளில் உதடும் நாக்கும் சிவப்பாக இருந்து, கைகால் நுனி மட்டும் நீலம் பூத்திருந்தால் அதுவும் பெரும்பாலும் இயல்புதான். சில்லிட்ட காலோடு சேர்ந்து குழந்தை துவண்டு கிடக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, 6 மணி நேரமாக மூத்திரம் போகவில்லையா, தோலில் நீலமும் சிவப்புமாக வலைக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது குளிரில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கு கைகாலும் சில்லிட்டால் பிரச்சினை உடம்பு முழுவதற்கும். ஒரே ஒரு கையோ காலோ மட்டும் வெளுத்தோ நீலமாகவோ ஆனால், அந்தக் குழாயில்தான் ஏதோ தடை. சிகிச்சை இரண்டுக்கும் வேறு வேறு.

காய்ச்சல் விட்ட நாள்

இந்த எல்லைப் பகுதிக்கு மழை இரண்டு தடவை வருகிறது. மலைக்கு மேலே கேரளத்தில் ஆனி, ஆடியில். கீழே நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில். அதனால் டெங்குவும் இரண்டு தடவை தலைகாட்டும்.

டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. பெரும்பாலும் 3-ம் நாளிலிருந்து 7-ம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் வருகிறது. அப்போது ரத்தக் குழாய்களின் சுவர் வழியாக ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்குகிறது. ஒரு சொட்டு ரத்தம் வெளியே சிந்தாமலே குழாய்க்குள் இருப்பது குறைந்துபோகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும்.

வார்டு வாசலில் அம்மாக்கள் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “நேத்துவரைக்கும் அனலாக் கொதிச்சுச்சு சிஸ்டர். இன்னைக்குக் காலைல விட்டுடுச்சு. ஆனா பாப்பா எந்திரிக்கவே மாட்டேங்குது, வயிறு வலிக்குதுன்னு அழுவுது.” நான் கேட்பதும் ஒன்றுதான்: “காலைத் தொட்டுப் பாத்தீங்களாக்கா?”

பி.பி.யில் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். மேலே 90, கீழே 75 என்றால் இடைவெளி 15தான். அது 20-ம் அதற்குக் கீழும் போனால் டெங்கு ஷாக் தொடங்கிவிட்டது என்று பொருள், மேல் அளவு எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சரி. எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். எண்ணிக்கை முக்கியம்தான். ஆனால் அந்த நேரத்தில் குழந்தையின் உயிரைக் காப்பது, கசிந்துபோன நீரைக் கணக்காகத் திருப்பிக் கொடுப்பதுதான்.

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைபஸும் புதர்க்காடும் தோட்டமும் நிறைந்த பகுதிகளில் வருகிறது. சரியான மருந்து தாமதமானால் குழந்தைகளுக்கு விரல் நுனிகள் கறுக்கும் அளவுக்குப் போகக்கூடும். அக்குள், இடுப்பு, காது மடலுக்குப் பின்னால் கறுத்த சிறு பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மருந்துகளுக்கே கட்டுப்படும் நோய் இது.

வண்டி ஏறுவதற்கு முன்னால்

சில்லிட்ட கைகாலைச் சூடாக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் வெந்நீர் பாட்டில், தவிட்டு ஒத்தடம், கரி அடுப்பு எதுவும் வேண்டாம். நல்ல ரத்த ஓட்டம் இருக்கும் தோல், படுகிற சூட்டை ரத்தத்தோடு அனுப்பிவிடும். ஓட்டம் இல்லாத தோலில் அந்தச் சூடு தேங்கி, நாம் தாங்கும் சூட்டிலேயே வெந்துவிடும். அதோடு சூடான தசை அதிக ஆக்சிஜன் கேட்கும். வருவதே குறைவாக இருக்கும்போது அது இன்னும் கெடுதல். தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். உடம்பை மொத்தமாகப் போர்த்துங்கள். பச்சிளங்குழந்தையானால் அம்மாவின் நெஞ்சோடு தோலில் தோல் படும்படி அணைத்து, மேலே போர்த்திக்கொண்டு வாருங்கள். குழந்தையின் உடல் வெப்பத்தை 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் வைக்க, மலைப்பாதையில் இதைவிட நல்ல வழி இல்லை.

108 ஆம்புலன்ஸ் எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான். தேனி மருத்துவக் கல்லூரிக்கா, கோட்டயத்துக்கா என்று வீட்டில் விவாதம் நடக்கும். துவண்ட குழந்தையானால், பக்கத்தில் டிரிப்ஸ் ஏற்ற வசதியுள்ள ஆஸ்பத்திரியில் முதலில் காட்டி, சிகிச்சையைத் தொடங்கிவிட்டுப் புறப்படுவதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். வளைவு வளைவாகப் போகும் அந்தப் பாதையில் வெறும் கையோடு போகும் நேரம் வீண்.

ஐசியுவுக்குள் என்ன நடக்கிறது

முதலில் ஆக்சிஜன். அப்புறம் மருந்து போக ஒரு வழி. ரத்த ஓட்டம் சுருங்கிய குழந்தைக்கு நரம்பு கிடைக்காது. சில நிமிடம் தேடியும் கிடைக்கவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள்ளேயே ஊசியை இறக்குவார்கள். பார்க்கவே மனசு பதறும். ஆனால் எலும்பு மஜ்ஜை வழியாகப் போகும் மருந்து நரம்பில் போவதுபோலவே வேகமாக இதயத்தைச் சேரும். அந்த நேரத்தில் வேண்டாம் என்று கையைப் பிடித்துவிடாதீர்கள்.

திரவம் ஏற்றுவது கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி என்று தவணை தவணையாக. ஒவ்வொரு தவணைக்கும் பிறகு ஈரல் வீங்குகிறதா, மூச்சில் நீர்ச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்தது. “இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்க சார்” என்று கேட்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தி 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டமும் குறைந்திருந்த குழந்தைகளுக்கு வேகமாகத் திரவம் ஏற்றியபோது இறப்பு அதிகமானது தெரிந்தது. வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தைகள் அந்த ஆய்வில் இல்லை. அவர்களுக்குத் திரவம்தான் உயிர். நோய்க்கேற்ப அளவு மாறும் என்பதுதான் விஷயம். கிருமித் தொற்றால் வந்த ஷாக் என்றால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போயிருக்க வேண்டும்.

திரவம் போதவில்லை என்றால் அட்ரினலின், நார் அட்ரினலின் போன்ற மருந்துகள் வரும். பெற்றோருக்கு மிகவும் கஷ்டமான கட்டம் இங்கேதான் தொடங்குகிறது. இதயத்தைத் தூண்டி ரத்த அழுத்தத்தை உயர்த்தும் இந்த மருந்துகள், அதிக அளவில் போகும்போது விரல்களுக்குப் போகும் குழாய்களையும் இறுக்கும். மகனின் விரல் நுனி கறுத்ததைப் பார்த்த அப்பா, “நீங்க குடுத்த மருந்தாலதான இப்படி ஆச்சு?” என்று கேட்பார். இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்று நான் நம்புகிறேன். மருந்தும் ஒரு காரணமாக இருக்கலாம். நோயும் காரணம்: ஷாக்கே குழாய்களை இறுக்குகிறது, கடும் தொற்றில் மிகச் சிறிய குழாய்களுக்குள் ரத்தம் உறைந்தும் போகிறது. மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் விரல் தப்பாது, மூளைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தம்தான் நிற்கும். அதனால் டாக்டர்கள் செய்வது, தேவையான குறைந்தபட்ச அளவைத் தேடுவது. கடைமடைக்குத் தண்ணீர் வர வாய்க்காலைத் தோண்டிப் பயனில்லை, அணை நிரம்ப வேண்டும். இதயம் தேறி, தொற்று அடங்கி, மருந்தைப் படிப்படியாகக் குறைக்கும்போது விரல்களின் நிறம் திரும்புவதை வார்டில் நிறையவே பார்த்திருக்கிறோம்.

ஒரு கை மட்டும் வெளுத்தால்

ஐசியு குழந்தைக்கு ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி பார்க்கவும், அடிக்கடி ரத்தம் எடுக்கவும் மணிக்கட்டிலோ தொடையிலோ தமனிக்குள் ஒரு சிறு குழாய் வைப்பார்கள். பச்சிளங்குழந்தைக்குத் தொப்புள்கொடியின் தமனி வழியாக வைப்பதும் உண்டு. சில சமயம் அந்தத் தமனி இறுகிக்கொள்ளும், அல்லது குழாயைச் சுற்றி ரத்தம் உறையும். கால்விரலோ பிட்டமோ வெளுத்தால் அல்லது நீலமானால் முதல் வேலை, முடிந்தவரை அந்தக் குழாயை எடுத்துவிடுவது. பல குழந்தைகளுக்கு இதுவே போதும். வெறும் இறுக்கம்தான் என்று தெரிந்தால் எதிர்ப்பக்கத்துக் காலை இதமாகச் சுற்றி வைப்போம். பாதித்த காலை இல்லை, நல்ல காலை. அங்கே சூடு பட்டதும் நரம்பு மண்டலம் இரண்டு பக்கமும் குழாய்களைத் தளர்த்துகிறது.

அதிலும் சரியாகவில்லை என்றால் நைட்ரோகிளிசரின் களிம்பு. பெரியவர்களின் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையில் இருப்பது இதுதான். ஆல்ஃபிரட் நோபலின் டைனமைட்டும் இதே பொருளால் ஆனது. கடைசிக் காலத்தில் அவருடைய இதயநோய்க்கே இதை மருந்தாக எழுதிக்கொடுத்தார்கள். உடம்புக்குள் போனதும் இது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் தருகிறது, அது குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்சைடின் இந்த வேலையைக் கண்டறிந்ததற்காக 1998-ல் மூன்று பேர் நோபல் பரிசு பெற்றார்கள். 2 சதவீதக் களிம்பை மிக மெல்லிய படலமாகத் தடவியதும் வெளுத்த விரல்கள் சிவந்ததாகப் பல மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் தனித்தனிக் குழந்தைகளின் அனுபவங்கள் அவை, பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லை. குழந்தையின் தோல் மெல்லியது, களிம்பு ரத்தத்தில் கலந்து பி.பி.யை இறக்கிவிடலாம், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையும் கெடுக்கலாம். அதனால் மானிட்டர் ஓடும் இடத்தில் மட்டுமே தடவ வேண்டும். தடவும் நாங்களே கையுறை போட்டுக்கொள்வோம், வெறும் விரலில் பட்டால் எங்களுக்குத் தலைவலி வந்துவிடும். மருந்துக்கடையில் வாங்கி வீட்டில் தடவும் பொருள் இல்லை.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் உறைகட்டி தெரிந்தால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற மருந்து தேவைப்படும். பச்சிளங்குழந்தைக்கு அதற்கு முன்னால் உச்சிக்குழி வழியாகத் தலையை ஸ்கேன் செய்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்வார்கள். டிரிப்ஸில் போகும் நார் அட்ரினலின் நரம்பைத் தாண்டி வெளியே கசிந்து தோல் வெளுத்தால், அதை முறிக்க ஃபென்டோலமின் என்ற ஊசி இருக்கிறது, சீக்கிரம் போட வேண்டும். ஊசி போட்ட இடம் வீங்கினாலோ வெளுத்தாலோ உடனே கூப்பிடுங்கள். ராத்திரி 2 மணி என்று தயங்காதீர்கள்.

மருந்தே இல்லாமல் தடுக்கக்கூடிய காரணமும் ஒன்று உண்டு. கறுப்புக் கயிறு, வசம்பு வளையல், காப்பு, கொலுசு. ஷாக்கில் இருந்த குழந்தைக்குத் திரவம் ஏற்றினால் கைகால் வீங்கும். நேற்றுவரை தளர்வாக இருந்த கயிறு இன்று மணிக்கட்டை அறுக்கும். அட்மிஷன் அன்றே எல்லாவற்றையும் கழற்றச் சொல்வோம். திருஷ்டிக்குக் கட்டியதைக் கழற்ற அம்மாச்சி தயங்கினால், அதையே அம்மாவின் கையில் கட்டிக்கொள்ளச் சொல்வேன், சம்மதித்துவிடுவார்கள். வீட்டில் கைக்குழந்தை காரணமே தெரியாமல் நிறுத்தாமல் அழுதால் ஒவ்வொரு விரலையும் பிரித்துப் பாருங்கள். அம்மாவின் ஒற்றைத் தலைமுடியோ கையுறைத் துணியின் நூலோ விரலில் சுற்றி இறுகியிருக்கலாம். பாம்பு கடித்த கையை இறுக்கிக் கட்டுவதும் இந்த வகைதான்: விஷத்தோடு, கட்டாலும் கை போகும்.

கறுத்த விரலும் காத்திருப்பும்

உயிர் தப்பிய குழந்தையின் விரல்கள் கறுத்துக் கிடக்கும்போது உறவினர்கள் இரண்டு விதமாகக் கேட்பார்கள். “ஏன் இன்னும் எடுக்கல, மேல பரவாதா?” என்று சிலர். “எடுத்துடுவாங்களா?” என்று சிலர். கறுத்தது எல்லாம் செத்தது இல்லை. மேல்தோல் கறுத்திருக்க, அடியில் உயிருள்ள சதை இருக்கும். எது பிழைக்கும், எது பிழைக்காது என்ற கோடு தெளிவாகத் தெரிய வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள்கூட. காய்ந்து, நாற்றமோ சீழோ இல்லாமல் இருந்தால் சுத்தமாக வைத்துக் காத்திருப்பதுதான் சிகிச்சை. அவசரப்பட்டு எடுத்தால் பிழைக்க வேண்டியதும் சேர்ந்து போகும். குழந்தைகளின் சதை தேறுவது பெரியவர்களைவிட வேகமாக இருப்பதால் இந்தக் காத்திருப்புக்கு அர்த்தம் இருக்கிறது. ஈரமாகி, நாற்றமெடுத்து, காய்ச்சலும் ஏறினால் கதையே வேறு, அப்போது அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. கையோ காலோ கல்லாக வீங்கி, தொட்டாலே குழந்தை அலறினால் அதற்கும் நாள் கணக்கு கிடையாது. உள்ளே ஏறிய அழுத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் திறந்துவிட வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு பலரும் விட்டுவிடுவது வளர்ச்சியை. எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சிப் பகுதிக்கு ரத்தம் குறைந்திருந்தால், அதன் விளைவு அன்றைக்குத் தெரியாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருப்பது தெரியவரும். அதனால் கால் தமனியில் பிரச்சினை வந்த குழந்தையை வளர்ச்சி முடியும்வரை வருஷம் ஒருமுறையாவது காட்டி இரண்டு காலின் நீளத்தையும் அளக்க வேண்டும். விரல் இழந்த குழந்தைக்குப் பிசியோதெரபியைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் இதற்கு இலவசமாக வழி சொல்வார்கள்.

எல்லையில் வசிப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கோட்டயத்தில் சிகிச்சை எடுத்த குழந்தையை மறுவருஷம் தேனியில் காட்டுவீர்கள், அல்லது இங்கே பார்த்த குழந்தையை அங்கே. டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தக் கையில், எந்தக் காலில் தமனிக் குழாய் வைத்தார்கள், எத்தனை நாள் இருந்தது, டாப்ளரில் என்ன தெரிந்தது என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.